திறக்க வேண்டியதும் கடத்திவிட வேண்டியதும்: மறையாக்கப் போக்குவரத்துக்கான பதிலிச் சேவையகம்

ஓர் அலுவலகத்தின் கணினிகளுக்கும் வெளி இணையத்துக்கும் நடுவில் நின்று, கணினி கேட்பதைத் தன் பெயரில் கேட்டு வாங்கி, வந்த விடையைக் கேட்ட கணினியிடம் சேர்க்கும் இயந்திரமே பதிலிச் சேவையகம்; புழக்கத்தில் அதை ப்ராக்ஸி என்றே சொல்கிறார்கள். அந்த விடை மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் படிக்க இயலாதபடி உருமாற்றப்பட்டு வரும்போது, நடுவில் நிற்கும் பதிலி எவ்வளவு தூரம் உள்ளே பார்க்கலாம், எங்கே கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வியலின் பொருள். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், லெபோ பாசாரிலோ லெபோ பந்தாயிலோ ஒரு கடைவீட்டின் மாடியில் இருபது முப்பது கணினிகளோடு இயங்கும் வணிக நிறுவனத்தை அளவாகக் கொண்டு அமைப்புமுறை இங்கே விளக்கப்படுகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் பெரிய ஆலைகளுக்குத் தனித் தொழில்நுட்பப் பிரிவுகள் உண்டு. இந்நூலின் துணை அவற்றுக்குத் தேவைப்படாது.

தேக்ககம் என்ற பழைய காரணம்

மலேசியாவில் மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் 1990களின் தொடக்கத்திலும் டெலிகோம் மலேசியாவின் டிஎம்நெட் 1996இலும் மக்களுக்கு இணையத்தைக் கொண்டுவந்த காலத்தில், கடல் கடந்து செல்லும் இணைப்பு விலை மிகுந்ததாகவும் வேகம் குறைந்ததாகவும் இருந்ததால், ஒருவர் பார்த்த பக்கத்தைத் தேக்கிவைத்து அடுத்தவருக்கு அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும் வேலைக்காகவே பதிலிகள் நிறுவப்பட்டன. அமெரிக்காவின் ஹார்வெஸ்ட் ஆய்வுத் திட்டத்திலிருந்து கிளைத்து 1996இல் வெளிவந்த ஸ்க்விட் என்ற கட்டற்ற மென்பொருள் அந்தத் தேவைக்குப் பிறந்ததுதான். இன்று ஏறக்குறைய எல்லா அகப்பக்கங்களும் எச்டிடிபிஎஸ் வழியே, அதாவது டிஎல்எஸ் என்னும் மறையாக்க உறைக்குள் வருவதால், உறையைப் பிரிக்காத பதிலியால் எதையும் தேக்கிவைக்க இயலாது. பிரித்தாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தயாரிக்கப்படும் பக்கங்களில் தேக்கத் தக்கது கொஞ்சமே. இணையக் கட்டணத்தைக் குறைக்க ப்ராக்ஸி வேண்டும் என்று கேட்டு வரும் முதலாளியிடம், அந்தக் காரணம் காலாவதியாகிவிட்டது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. இன்று எஞ்சியிருக்கும் காரணங்கள் நான்குதான்: தீநிரல் பரப்பும் தளங்களையும் சூதாட்டத் தளங்களையும் தடுப்பது, எந்தக் கணினி எங்கே சென்றது என்பதற்குப் பதிவு வைப்பது, இறங்கும் கோப்புகளைச் சோதிப்பது, நிறுவனத்தின் ஆவணங்கள் தனியார் சேமிப்பகங்களுக்கு ஏறிப்போகாமல் பார்ப்பது. இவற்றில் முதல் இரண்டுக்கும் உறையைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிப்பது நல்லது.

உறைக்கு வெளியே தெரிவது எது

பதிலியைப் பயன்படுத்தும்படி அமைக்கப்பட்ட உலாவி, மறையாக்கத் தளம் ஒன்றைத் திறக்கும்போது முதலில் பதிலியிடம் கனெக்ட் என்ற கட்டளையை அனுப்பி, இன்ன தளத்தின் 443ஆம் போர்ட்டுக்கு ஒரு குழாய் போட்டுத் தா என்று கேட்கிறது. 1995 வாக்கில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவான இந்த முறை இன்றளவும் அப்படியே தொடர்கிறது. குழாய் போட்ட பிறகு உலாவியும் தளமும் தம்முள் நடத்தும் தொடக்கப் பேச்சில், உலாவி அனுப்பும் முதல் செய்தியிலேயே தான் தேடிவந்த தளத்தின் பெயரை எழுத்தாகச் சொல்லிவிடுகிறது. எஸ்என்ஐ எனப்படும் இந்தப் பெயர்க் குறிப்பு, ஒரே முகவரியில் பல தளங்கள் குடியிருப்பதால் தேவைப்பட்ட ஏற்பாடு. அடுத்து தளம் தன் சான்றிதழை நீட்டுகிறது. சான்றிதழ் என்பது தளத்தின் பெயரையும் அதன் பொதுச் சாவியையும் இணைத்து, உலாவி ஏற்கெனவே நம்பும் ஒரு சான்றிதழ் ஆணையம் ஒப்பமிட்டுத் தந்த மின்னாவணம். 2018 ஆகஸ்டில் வெளியான டிஎல்எஸ் 1.3 பதிப்பிலிருந்து இந்தச் சான்றிதழும் மறையாக்கத்துக்குள் போய்விட்டதால், வெளியே நின்று பார்ப்பவருக்கு எஞ்சியது பெயர்க் குறிப்பு மட்டுமே. அதையும் மறைக்கும் புதிய ஏற்பாடுகள் உலாவிகளில் நுழைந்துகொண்டிருக்கின்றன.

இந்தத் தொடக்கப் பேச்சின் நடுவில் பதிலி செய்யத்தக்க செயல்களுக்கு ஸ்க்விட் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. பெயர்க் குறிப்பை மட்டும் எட்டிப்பார்ப்பது பீக். பார்த்தபின் எதையும் தொடாமல் இரு முனைகளையும் இணைத்துக் கடத்திவிடுவது ஸ்ப்லைஸ். இணைப்பை அங்கேயே அறுத்துவிடுவது டெர்மினேட். நான்காவதாகிய பம்ப் என்பதே இடைமறித்துத் திறப்பது: பதிலி தளத்திடம் தான்தான் உலாவி என்பதுபோலப் பேசி உள்ளடக்கத்தை வாங்கி, அந்தத் தளத்தின் பெயரில் அந்தக் கணமே ஒரு போலிச் சான்றிதழைத் தயாரித்து, உலாவியிடம் தான்தான் தளம் என்பதுபோல நின்று கொடுக்கிறது. போலி என்ற சொல் கடுமையாகப் படலாம். ஆனால் தொழில்நுட்ப அளவில் வேறு சொல் பொருந்தாது. அலுவலகக் கணினிகளில் நிறுவனத்தின் சொந்த ஆணையச் சான்றிதழை முன்கூட்டியே பதித்து வைத்திருப்பதால்தான் உலாவி அந்தப் போலியை ஏற்கிறது.

பினாங்கு இந்த இடைநிலை வேலைக்குப் புதிய ஊர் அன்று. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டபோது, வணிகரின் செய்தி ஒவ்வொன்றும் தந்தி எழுத்தர்களின் கண்ணும் கையும் பட்டே கடந்து சென்றது. தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம் என்பதாலும், நடுவில் இருப்பவர் படித்துவிடக் கூடாது என்பதாலும் அக்கால வணிகர்கள் ஒரு நீண்ட வாக்கியத்தை ஒற்றைச் சொல்லாக மாற்றும் குறிச்சொல் நூல்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். 1873இல் வெளிவந்த ஏபிசி குறிச்சொல் நூல் அவற்றுள் பெயர் பெற்றது. எழுத்தர் குறிச்சொல்லைப் பார்ப்பார், யாருக்கு என்பதை அறிவார், பொருளை அறியமாட்டார். பீக் செய்து ஸ்ப்லைஸ் செய்யும் பதிலியும் அந்த எழுத்தர் அறிந்த அளவே அறிகிறது. ஒரு சிறு நிறுவனத்தின் பாதுகாப்புக்குப் பெரும்பாலும் அந்த அளவே போதும் என்பதே இந்நூலின் நிலைப்பாடு.

சட்டமும் அறிவிப்பும்

மென்பொருளை நிறுவும் முன் காகித வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வழிகாட்டிகள் இதைக் கடைசிப் பக்கத்தில் வைப்பதோ விட்டுவிடுவதோ வழக்கம். மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் (சட்டம் 588) தன் 234ஆம் பிரிவில், சட்டப்பூர்வ அதிகாரமின்றித் தகவல் தொடர்பை இடைமறிப்பதைக் குற்றமாக வைத்திருக்கிறது. பதிலியின் வழியே ஊழியரின் தரவும் வாடிக்கையாளரின் தரவும் செல்வதால், 2013 நவம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ள 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் (சட்டம் 709) கருத்தில் கொள்ள வேண்டும். அதன் 7ஆம் பிரிவு கோரும் எழுத்து அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பதால், தமிழில் மட்டும் சுற்றறிக்கை விட்டு அமைதி கொள்வது போதாது. தமிழ்ப் படியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம், சேர்ப்பதே முறையும்கூட. 2024இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமையையும் விதித்திருக்கிறது. அதற்கான வழிகாட்டுதல் 72 மணி நேரத்தைக் காலவரையாக வைக்கிறது. உறைகளைப் பிரித்து உள்ளடக்கத்தைப் பதிவு செய்யும் பதிலி ஒன்றிலிருந்து கசிவு ஏற்பட்டால், தெரிவிக்க வேண்டிய பட்டியல் எவ்வளவு நீளும் என்பதை எண்ணிப்பார்க்கும் நிறுவனங்கள் தாமாகவே குறைவாகப் பிரிக்கும். எந்தத் தளங்கள் திறக்கப்படுகின்றன, ஏன், பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்ற நான்கையும் ஒரே தாளில் எழுதி, ஊழியர்களிடம் ஒப்பம் பெற்று, அத்தாளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பின்னரே அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும்.

ஊழியரின் சொந்தக் கைத்தொலைபேசிகள் இந்த ஏற்பாட்டுக்குள் வரவே கூடாது. அவற்றுக்கும் விருந்தினருக்கும் பதிலியைத் தொடாத தனி வைஃபை வலையமைப்பு ஒன்றைப் பிரித்துக் கொடுத்துவிடுவது எளிது, செலவும் குறைவு.

வெளிப்படையான பதிலியா, மறைமுகமான பதிலியா

பதிலியைக் கணினிகளுக்கு இரண்டு விதமாக அறிமுகம் செய்யலாம். உலாவியின் அமைப்பில் பதிலியின் முகவரியைப் பதிவது ஒன்று. கணினிக்குத் தெரியாமலேயே திசைவி, அதாவது ரவுட்டர், எல்லாப் போக்குவரத்தையும் பதிலியின் பக்கம் திருப்பிவிடுவது மற்றொன்று. பின்னது நிறுவ எளிதாகத் தோன்றினாலும் சிக்கல் மிகுந்தது: பதிலி தேடிக் கண்ட முகவரியும் கணினி தேடிக் கண்ட முகவரியும் வேறுபட்டால் ஸ்க்விட் அதை மோசடி என ஐயுற்று இணைப்பை மறுக்கும், பழுது எங்கே என்று கண்டறியவும் கடினம். மனிதர்களிடையேயும் அது நல்ல பெயர் எடுப்பதில்லை. 2024 செப்டம்பரில், பயனர்கள் கூகுள், கிளவுட்ஃப்ளேர் போன்ற வெளி டிஎன்எஸ் சேவையகங்களிடம் கேட்கும் பெயர்த் தேடல்களை இணையச் சேவை நிறுவனங்கள் தம் சேவையகங்களுக்கே திருப்ப வேண்டும் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் பணித்து, மேக்சிஸ், டைம் முதலிய நிறுவனங்கள் அதைச் செயற்படுத்தத் தொடங்கியதும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது; சூதாட்டம் போன்ற தீங்கான தளங்களைத் தடுப்பதே நோக்கம் என்று விளக்கம் தரப்பட்டும் அது தணியவில்லை, செப்டம்பர் 8 அன்று தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அத்திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று ஆணையத்திடம் சொன்னார். கண்டித்தவர்களில் பலருக்குச் சூதாட்டத் தளங்கள் மீது பற்று எதுவும் இல்லை. தாம் ஒருவரிடம் கேட்டதற்கு வேறொருவர் விடை சொல்வதையே அவர்கள் ஏற்கவில்லை. அலுவலகத்திலும் இதே நிலைதான். ஆகவே இவ்வியல் வெளிப்படையான முறையையே கைக்கொள்கிறது: பதிலியின் முகவரியும், ஸ்க்விட்டின் வழக்கமான 3128 என்ற போர்ட் எண்ணும் கணினிகளில் பதியப்படும், பதிலியைத் தாண்டி நேராக 80, 443 போர்ட்டுகளுக்குச் செல்லும் வழி திசைவியில் அடைக்கப்படும். குவிக் என்ற புதிய நெறிமுறை வழக்கமான டிசிபிக்குப் பதிலாக யுடிபி வழியே அதே 443ஐப் பயன்படுத்துவதால், டிசிபியை மட்டும் அடைத்து யுடிபியை மறந்துவிடுபவர்கள் கதவைப் பூட்டிச் சன்னலைத் திறந்துவைத்தவர்களாகிறார்கள்.

இயந்திரமும் நிறுவலும்

முப்பது கணினிகளுக்கு எட்டு ஜிகாபைட் நினைவகம் கொண்ட சாதாரண மேசைக்கணினியே போதும். ஜார்ஜ் டவுன் கடற்கரை நகரம் என்பதால் உப்பும் ஈரமும் கலந்த காற்று இயந்திரத்தின் உள்ளே புகாத மூடிய இடமும், இடிமழைக் காலத்து மின்வெட்டைத் தாங்க ஒரு யுபிஎஸ் பெட்டியும், மின்னல் எழுச்சித் தடுப்பானும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடப்பட வேண்டியவை. பழைய கடைவீடுகள் முகப்பில் குறுகியும் உள்ளே மிக நீண்டும் இருப்பதால், பதிலியை முன்கூடத்தில் வரவேற்பு மேசைக்கு அடியில் வைக்கும் வழக்கம் இங்கே உண்டு. அதைத் தவிர்க்க வேண்டும். இந்த இயந்திரத்துக்குள் இருக்கப்போகும், சான்றிதழ்களுக்கு ஒப்பமிடும் சாவியை அலுவலகத்தின் பணப்பெட்டிச் சாவிக்கு நிகராகக் கருத வேண்டும்.

டெபியன் லினக்ஸில் ஸ்க்விட் என்ற பெயரிலேயே உள்ள தொகுப்பை நிறுவினால் இடைமறிக்கும் வசதி கிடைக்காது. அது வேறொரு மறையாக்க நூலகத்தைக் கொண்டு தொகுக்கப்பட்டது. டெபியன் 11 முதல் ஸ்க்விட்-ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற தனித் தொகுப்பு தரப்படுகிறது, அதையே நிறுவ வேண்டும். எல்லா வரிகளும் சரியாக இருந்தும் சான்றிதழ் தொடர்பான வரியைத் தெரியவில்லை என்று மென்பொருள் மறுத்தால், தவறான தொகுப்பை நிறுவியதே பெரும்பாலும் காரணம். கட்டளைகளின் எழுத்துவடிவம் மென்பொருளுடன் வரும் மாதிரி அமைப்புக் கோப்பிலேயே விளக்கத்துடன் உள்ளதால், இங்கே அவற்றின் வேலையும் வரிசையும் மட்டும் கூறப்படுகின்றன.

சொந்த ஆணையம்: சாவியைக் காப்பது

இவ்வியலின் இதயம் இப்பகுதி. நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ் ஆணையத்தின் தனிச் சாவி யார் கையில் கிடைத்தாலும், அந்த ஆணையத்தை நம்பும் எல்லாக் கணினிகளிடமும் அவர் எந்த வங்கியாகவும் எந்த அரசுத் துறையாகவும் வேடமிட முடியும். மலேசியா இதற்கு ஒரு பாடம் பார்த்திருக்கிறது. 2011 நவம்பரில், டிஜிசர்ட் செண்டிரியான் பெர்ஹாட் என்ற மலேசியச் சான்றிதழ் நிறுவனம் (ஏறக்குறைய அதே பெயருடைய அமெரிக்க நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை) வெறும் 512 பிட் நீளமுள்ள பலவீனச் சாவிகளுக்கு 22 சான்றிதழ்கள் வழங்கியிருந்தது தெரியவர, மைக்ரோசாஃப்டும் மொசில்லாவும் அதன் மீதான நம்பிக்கையை விலக்கிக்கொண்டன. அதே மாதம், மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமாகிய மார்டியின் பெயரிலிருந்த சான்றிதழைத் திருடி ஒப்பமிடப்பட்ட தீநிரல் ஒன்றை ஃபின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனம் வெளிப்படுத்தியது. 2015இல் லெனோவோ மடிக்கணினிகளோடு வந்த சூப்பர்ஃபிஷ் மென்பொருள் இதைவிட மோசம்: எல்லாக் கணினிகளிலும் ஒரே ஆணையச் சாவியைப் பதித்திருந்ததால், ஒரு கணினியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர் அனைத்துக் கணினிகளையும் ஏமாற்றக்கூடிய நிலை உண்டாயிற்று.

ஆகவே சாவியை இரண்டு அடுக்காக அமைப்பது அறிவுடைமை. வலையமைப்பில் இணைக்கப்படாத ஒரு கணினியில் மூலச் சாவியை, ஆர்எஸ்ஏ முறையில் 4096 பிட் நீளத்தில், உருவாக்கி, அதைக் கொண்டு ஓர் இடைநிலைச் சான்றிதழுக்கு ஒப்பமிட வேண்டும். மூலச் சாவி ஒரு சேமிப்புக் குச்சியில் பணப்பெட்டிக்குள் போய்விடும். பதிலியில் இருக்கப்போவது இடைநிலைச் சாவி மட்டுமே. இடைநிலைச் சான்றிதழுக்கு ஒப்பமிடும்போதே அதில் பெயர் வரையறை என்ற நீட்சியைச் சேர்த்து, திறக்க முடிவு செய்த சில தளப்பெயர்களை மட்டும் அதில் எழுதிவிட்டால், நாளை அந்தச் சாவி திருடப்பட்டாலும் திருடியவர் அந்தச் சில தளங்களின் பெயரில் மட்டுமே போலி செய்ய இயலும். வங்கியின் பெயரில் செய்தால் உலாவியே மறுத்துவிடும். இந்த எளிய காப்பு ஏன் பெரும்பாலான கையேடுகளில் இல்லை என்பது வியப்புக்குரியது. எல்லாவற்றையும் திறப்பவருக்கு இது பயன்படாது என்பதே காரணமாக இருக்கலாம். ஒரு நுணுக்கத்தை மட்டும் மறக்கக் கூடாது. ஸ்க்விட் போலியைத் தயாரிக்கும்போது மூலத் தளத்தின் சான்றிதழில் கண்ட பெயர்கள் அனைத்தையும் நகலெடுப்பதால், அவற்றில் ஒரே ஒரு பெயர் வரையறைக்கு வெளியே இருந்தாலும் உலாவி முழுச் சான்றிதழையும் தள்ளிவிடும். எனவே திறக்கவிருக்கும் தளத்தின் உண்மைச் சான்றிதழை உலாவியில் திறந்து, அதிலுள்ள மாற்றுப் பெயர்களையெல்லாம் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இடைநிலைச் சாவியும் சான்றிதழும் பதிலியில் வைக்கப்படும் கோப்பை ஸ்க்விட் இயங்கும் பயனர் மட்டுமே படிக்கும்படி உரிமை அமைக்க வேண்டும்; டெபியனில் அப்பயனரின் பெயர் ப்ராக்ஸி. போலிகளைத் தயாரிக்கும் துணைநிரல், ஸ்க்விட் 4ஆம் பதிப்பு முதல் செக்யூரிட்டி-ஃபைல்-சர்ட்ஜென் எனப்படுகிறது; அது தயாரித்தவற்றைச் சேர்த்துவைக்கும் அடைவைத் தொடங்கும் கட்டளையை ஒருமுறை கையால் இயக்கி, அடைவின் உடைமையையும் அதே பயனருக்கு மாற்ற வேண்டும். ஆணையத்தைப் புதுப்பிக்கும்போது இந்த அடைவைத் துடைத்து மீண்டும் தொடங்காவிட்டால், பழைய ஆணையத்தின் போலிகளே வெளிவந்து ஊழியர்களைக் குழப்பும்.

விதிகளின் வரிசை

ஸ்க்விட் தன் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்துவதை நடத்துகிறது. முதல் விதி, தொடக்கப் பேச்சின் முதற்படியில் பெயர்க் குறிப்பை எட்டிப்பார்க்கச் சொல்வது. இரண்டாவது, தடைப் பட்டியலில் உள்ள பெயரென்றால் அறுத்துவிடச் சொல்வது. மூன்றாவது, எழுத்துமூலக் காரணம் உள்ள சில தளங்களை மட்டும் திறக்கச் சொல்வது. கடைசி விதி, மற்ற அனைத்தையும் கடத்திவிடச் சொல்வது. இரண்டாம் படியிலும் பீக் செய்துவிட்டால் அதற்குப் பின் பெரும்பாலும் திறக்க இயலாது. பெயரைப் பார்க்க முதற்படியே போதும்.

பரவலாகப் படியெடுக்கப்படும் அமைப்புகளில் கடைசி விதி இதற்கு நேர்மாறாக, எல்லாவற்றையும் திற என்றிருக்கும். அப்படி எழுதியவர் அதன்பின் மேபேங்க், சிஐஎம்பி ஆகிய வங்கிகள், உள்நாட்டு வருமான வரி வாரியம், ஊழியர் சேமநிதி வாரியம், சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம், மருத்துவமனைகள் என்று விலக்குப் பட்டியல் ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொரு புகாருக்கும் ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டே இருப்பார். பட்டியல் முழுமை பெறும் நாள் வராது. தான் நம்பும் சான்றிதழைத் தன்னுள்ளேயே பொறித்துவைத்திருக்கும் கைத்தொலைபேசிச் செயலிகளும், சொந்தச் சான்றிதழ் கிடங்கு வைத்திருக்கும் ஜாவா முதலிய இயக்கச் சூழல்களும் திறப்பை ஏற்காமல் நின்றுவிடும். 2024 ஆகஸ்டில் மின்விலைப்பட்டியல் முறை தொடங்கியதிலிருந்து கணக்கு மென்பொருள்கள் வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்போடு தாமாகவே பேசுகின்றன. அந்தப் பேச்சை இடையில் திறந்தால் விலைப்பட்டியல் போகாது, ஏன் போகவில்லை என்பதும் கணக்காளருக்குப் புரியாது. கடத்திவிடுவதை இயல்பாக வைத்தால் இத்தொல்லைகள் எழவே மாட்டா.

தமிழ் வாசகர்களுக்கென ஒரு குறிப்பு: .சிங்கப்பூர், .இலங்கை, .இந்தியா போன்ற தமிழ் ஈறு கொண்ட தளப்பெயர்கள் பதிலியை வந்தடையும்போது தமிழில் வருவதில்லை; எக்ஸ், என் என்ற இரண்டு ரோமன் எழுத்துகளும் இரண்டு இணைகோடுகளும் முன்னே நிற்க, குறியீட்டு வடிவில்தான் வருகின்றன. விதியில் பெயரைத் தமிழில் எழுதினால் அது எதனோடும் பொருந்தாது. குறியீட்டு வடிவையே எழுத வேண்டும்.

தடுக்கப்பட்ட மறையாக்கத் தளத்துக்கு நிறுவனத்தின் பெயரோடு அழகான மறுப்புப் பக்கம் காட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். உறையைப் பிரிக்காமல் அதைக் காட்ட முடியாது. உலாவி தன் வழக்கமான இணைப்புப் பிழையைத்தான் காட்டும். அந்தப் பிழை தோன்றினால் யாரைக் கேட்பது என்பதை அறிவிப்புத் தாளில் ஒரு வரியாகச் சேர்ப்பது, இதற்கெனத் தளங்களைத் திறப்பதைவிட மலிவானது.

கணினிகளில் பதிப்பதும் சோதிப்பதும்

மூலச் சான்றிதழை, சாவியை அன்று, நிறுவனத்தின் கணினிகளில் பதிக்க வேண்டும். விண்டோஸில் நம்பகமான மூலச் சான்றிதழ் கிடங்கில் குழுக் கொள்கை வழியே ஒரே தடவையில் எல்லாக் கணினிகளுக்கும் செலுத்தலாம். ஃபயர்ஃபாக்ஸ் தனிக் கிடங்கு வைத்திருப்பதால், இயங்குதளத்தின் கிடங்கையும் அது நம்புகிறதா என்று தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்துக்கே உரிய கைத்தொலைபேசிகளானால், ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் பதித்த ஆணையத்தைப் பெரும்பாலான செயலிகள் நம்புவதில்லை. ஐஃபோனில் பதித்த பின் அமைப்புகளில் அதற்கு முழு நம்பிக்கை தரும் பொத்தானையும் தனியே அழுத்த வேண்டும்.

சோதனையில் முதலாவது, திறக்கும் பட்டியலில் உள்ள தளம் ஒன்றின் பூட்டுக் குறியை அழுத்திச் சான்றிதழை வழங்கியவர் யார் என்று பார்ப்பது. நிறுவனத்தின் இடைநிலை ஆணையத்தின் பெயர் இருக்க வேண்டும். இரண்டாவது, வங்கித் தளம் ஒன்றில் அதையே பார்ப்பது. அங்கே நிறுவனத்தின் பெயர் தென்பட்டால் விதி வரிசையில் பிழை. மூன்றாவது சோதனையைத்தான் பலரும் செய்வதில்லை. பேட்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற தளம் காலாவதியான சான்றிதழ், தானே ஒப்பமிட்டுக்கொண்ட சான்றிதழ் எனப் பழுதுகளை வேண்டுமென்றே வைத்திருக்கிறது. அதைத் தற்காலிகமாகத் திறக்கும் பட்டியலில் சேர்த்து, இடைநிலைச் சான்றிதழின் பெயர் வரையறையிலும் அப்பெயர் இடம்பெறச் செய்து, பதிலி வழியே பார்க்க வேண்டும். இடைமறிக்கும்போது தளத்தின் உண்மைச் சான்றிதழைக் காண்பது உலாவி அன்று, பதிலி. பதிலி அதைச் சரிபார்க்காமல் நல்லதொரு போலியைத் தயாரித்துக் கொடுத்தால், ஊழியரின் திரையில் பழுதான தளமும் பாதுகாப்பானதாகவே தெரியும். பிழைகளை அனுமதி, சரிபார்க்காதே என்ற பொருள்படும் வரிகளைச் சோதனைக்காக எழுதி அப்படியே விட்டுவிடுவதால் நேரும் கேடு இது; 2017 மார்ச்சில் அமெரிக்க அரசின் கணினி அவசர உதவிப் பிரிவு இடைமறிக்கும் கருவிகளைப் பற்றி விடுத்த எச்சரிக்கையின் மையமும் இதுவே. பழுதான சான்றிதழுக்குப் பதிலி பிழைப்பக்கம் காட்டாதவரை அந்த அமைப்பைப் புழக்கத்துக்கு விடக் கூடாது. சோதனை முடிந்ததும் அப்பெயர் இல்லாத புதிய இடைநிலைச் சான்றிதழுக்கு மாறிவிட வேண்டும்.

பதிவேடு

கடத்திவிடப்பட்ட இணைப்பு பதிவேட்டில் ஒரே வரியாக, குழாய் என்ற குறிப்போடும் தளப்பெயரோடும் நிற்கும். திறக்கப்பட்ட தளத்திலோ ஒவ்வொரு பக்கமும் படமும் தனித்தனி வரியாகும். நேரம் 1970 தொடக்கம் முதலான நொடிக் கணக்கில் இருப்பதால் மலேசிய நேரத்துக்கு மாற்றிப் படிக்க வேண்டும். தமிழ்த் தலைப்புள்ள பக்கங்கள் பதிவேட்டில் தமிழாகத் தெரியா: ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகவும், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாகவும் பதிவதால், பினாங்கு என்ற நான்கெழுத்துச் சொல் அங்கே 72 குறிகள் நீளும். இதைத் தாக்குதல் என்று மிரண்டு தடுத்தவர்களும் உண்டு. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதியைப் பதியாமல் வெட்டிவிடுவது ஸ்க்விட்டின் இயல்பு. தேடுசொற்களும் கடவுக் குறிகளும் அங்கேதான் இருக்கும் என்பதால் அந்த இயல்பை மாற்ற வேண்டாம். தேவைக்கு மேல் தரவை வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம் 709இன் 10ஆம் பிரிவின் கோட்பாடு. அறிவிப்புத் தாளில் முப்பது நாள் என்று எழுதியிருந்தால் முப்பத்தோராம் நாள் பதிவேடு தானாக அழிய வேண்டும்.

இடைநிலைச் சான்றிதழின் காலாவதி நாளைப் பதிலிப் பெட்டியின் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும். ஊழியர் விலகும்போது எடுத்துச்செல்லும் மடிக்கணினி, பழுதுபார்க்கக் கடைக்குப் போகும் கணினி, பழையதாக விற்கப்படும் கணினி என எதுவானாலும், நிறுவனத்தின் மூலச் சான்றிதழை அதிலிருந்து நீக்கிய பிறகே வாசலைத் தாண்ட விட வேண்டும்.